நிற்கும் விமானம்தான் சீக்கிரம் சாகும்

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். படையிலிருந்து ஓய்வு பெற்ற கடல் ரோந்து விமானம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து மீட்டுச் சீரமைக்கிறார்கள் என்று தம்பி ஒருவர் படித்திருக்கிறார். "இவ்வளவு செலவும் உழைப்பும் எதற்கு? மறுபடி பறக்கவிடப் போகிறார்களா? நம்ம அரக்கோணத்தில் இருந்த கடற்படையின் டியூ-142 ரோந்து விமானங்களுக்கு ஏன் யாரும் அப்படிச் செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். பிஸ்டன் எஞ்சினிலும் கை வைத்திருக்கிறேன், டர்பைன் கொண்டு பிராபெல்லரைச் சுற்றும் டர்போபிராப்பிலும் கை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேச ஒரு விமானம் வேண்டுமே. ஷாக்கிள்டனை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் ஆவ்ரோ நிறுவனம் கட்டிய நான்கு எஞ்சின் ரோந்து விமானம். இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்குப் பேரன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்: லங்காஸ்டரிலிருந்து லிங்கன், லிங்கனிலிருந்து ஷாக்கிள்டன். மூன்றுக்கும் மூளை ராய் சாட்விக். ஷாக்கிள்டன் 1949 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1947இல் வேறொரு விமானத்தின் சோதனைப் பறப்பில் இறந்துபோயிருந்தார். பிரிட்டிஷ் விமானப்படையில் 1951இல் சேர்ந்த ஷாக்கிள்டன், கடைசியில் ரேடார் காவல் விமானமாக மாற்றப்பட்டு 1991 வரை, அதாவது நாற்பது வருஷம், வேலை செய்தது.

அதன் வேலை என்ன? கடலுக்கு மேலே தாழ்வாகப் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் சுற்றுவது. நீர்மூழ்கிகளைத் தேடுவது. மூழ்கும் கப்பலிலிருந்து தப்பியவர்களுக்கு ரப்பர் படகும் சாப்பாடும் போடுவது. உள்ளே சமைக்க ஒரு சின்ன அடுப்படி, படுக்க இடம். எஞ்சின் சத்தம் அவ்வளவு பலம், அதில் பறந்த பலருக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தமாகிவிட்டது.

ரோந்து விமானத்தைக் காப்பாற்றுவது போர் விமானத்தைக் காப்பாற்றுவதைவிடக் கடினம் என்பதற்கு முதல் காரணம் இந்த வேலையிலேயே இருக்கிறது. அது உப்பு. கடலுக்கு மேல் சில நூறு அடி உயரத்தில் மணிக்கணக்கில் பறக்கும் விமானம் உப்புத் துளியில் குளித்துக்கொண்டே பறக்கிறது. அதனால்தான் தாழ்வாகப் பறந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது கட்டாயம். எவ்வளவு கழுவினாலும் தகடும் தகடும் சேரும் இடுக்கில், ரிவெட் தலைக்கு அடியில், மூலையில் அடைத்துக்கொண்ட வடிகால் துளையில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். விமானம் வேலையில் இருக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துத் துடைத்துவிடுவார்கள். ஓய்வு கொடுத்து ஒரு மூலையில் நிறுத்திய மறுநாளிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. உப்பு மட்டும் தன் வேலையைத் தொடரும்.

அலுமினியம் அரிப்பதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? இரும்பைப்போல் சிவந்து உதிராது. முதலில் பெயின்ட் கொப்புளம்போலப் புடைக்கும். நகத்தால் கீறினால் வெள்ளையாக மாவு வரும். அதைச் சுரண்டிக்கொண்டே போனால் உள்ளே உலோகம் பரோட்டாபோல ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் தெரியும், உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். அந்த இடத்தில் இருபது ரிவெட்டைத் துளைத்து எடுத்து, தகட்டை வெட்டி, புதுத் தகட்டைப் பழைய வளைவுக்கே வளைத்து, துளை துளையோடு பொருந்த வைத்து, மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும். கைதேர்ந்த இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. தன்னார்வலர்கள் வருவதோ சனிக்கிழமை மட்டும். அப்படியென்றால் இரண்டு வாரம். இப்படி எத்தனை கொப்புளம் இருக்கும் என்று முழுக்கச் சுரண்டி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. 36 மீட்டருக்கு மேல் இறக்கை நீளம் உள்ள விமானம் அது.

எஞ்சின்தான் பெரிய வேலையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக்கிள்டனில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் கிரிஃபன், பன்னிரண்டு சிலிண்டர், கிட்டத்தட்ட 37 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு எஞ்சினுக்கு 24, நான்குக்கும் சேர்த்து 96. தொண்ணூற்றாறையும் கழற்றி, கழுவி, இடைவெளி பார்த்து, சோதித்து, திரும்ப மாட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கிரிஃபன் எஞ்சின் பல ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களிலும் உண்டு. அந்தக் குடும்பத்து எஞ்சின்களைத் தெரிந்தவர்கள் உலகில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆகவே எஞ்சின் கஷ்டம்தான், ஆனால் தெரிந்த கஷ்டம்.

தெரியாத கஷ்டம் பிராபெல்லரில் இருக்கிறது. ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிராபெல்லர். முன்னது ஒரு திசையில் சுற்றினால் பின்னது எதிர்த்திசையில். மூன்றும் மூன்றும் ஆறு இதழ், நான்கு எஞ்சினுக்கு 24 இதழ். பெரிய எஞ்சினின் சக்தியை அடக்கமான அளவுக்குள் காற்றுக்குக் கொடுக்கவும், விமானத்தை ஒரு பக்கம் இழுக்கும் முறுக்கத்தைச் சமன் செய்யவும் இந்த ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் இதழ்களின் கோணத்தை மாற்ற வேண்டுமே. கோணத்தை மாற்றும் எண்ணெய் அழுத்தம் வேலை செய்வது முன் பிராபெல்லரில். அந்த அசைவைப் பின்னால் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும் பிராபெல்லருக்குக் கடத்துவது நடுவில் உள்ள ஒரு பேரிங் தொகுதி. எதிரெதிராக ஓடும் இரண்டு பேருக்கு நடுவே நின்று இருவர் கையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடு ஆள் தடுமாறினால் பின் பிராபெல்லர் கட்டுப்பாட்டை இழக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் இதழைக் காற்றுக்கு இணையாகத் திருப்பி வைக்க முடியாமல் போகலாம். ஷாக்கிள்டன்காரர்கள் பறந்த காலத்திலேயே பயந்தது இந்தப் பேரிங்குக்குத்தான். இதற்கு இன்று கடையில் ஸ்பேர் கிடையாது.

இந்தப் பயம் வீண் பயமில்லை என்று காட்டிய கதை தென்னாப்பிரிக்காவுடையது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீட்பு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

தென்னாப்பிரிக்க விமானப்படை எட்டு ஷாக்கிள்டன்களை வாங்கியது. மூன்றாவது வகை, மூக்குச் சக்கரம் உள்ளது. எண்கள் 1716 முதல் 1723 வரை. 1957இல் வரத் தொடங்கி, கேப் டவுனில் 35ஆவது படைப்பிரிவில் இருந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் கப்பல் பாதையைக் கண்காணிப்பது வேலை. 1967இல் சூயஸ் கால்வாய் மூடி எட்டு வருஷம் திறக்காமல் இருந்தபோது எண்ணெய்க் கப்பல்களெல்லாம் அந்த வழியாகத்தான் போயின. 1971இல் வாஃப்ரா என்ற எண்ணெய்க் கப்பல் அகுல்ஹாஸ் முனைக்கு அருகில் தரை தட்டியது. அதை ஆழ்கடலுக்கு இழுத்துப் போய் மூழ்கடிக்க முடிவெடுத்தார்கள். ஜெட் விமானங்கள் ஏவுகணை அடித்தும் போதவில்லை. கடைசியில் ஆழ்நீர்க் குண்டு போட்டு அனுப்பிவைத்தது ஷாக்கிள்டன். எட்டில் ஒன்று, 1720, 1963 ஆகஸ்டில் மலையில் மோதி 13 பேர் இறந்தார்கள். மற்ற ஏழும் ஓய்வுக் காலம்வரை இருந்தன. நிறவெறி ஆட்சிக்காக விதித்த ஆயுதத் தடையால் ஸ்பேர் வருவது நின்றது, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் ஆயுளும் தீர்ந்துகொண்டு வந்தது. 1984 நவம்பரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஏழும் ஏழு திக்கில் போயின. ஒன்று ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க் கூரைமேல் ஏறியது. ஒன்று பிரிட்டோரியா அருகே அருங்காட்சியகத்துக்குப் போனது. இரண்டை விமானப்படை அருங்காட்சியகத்தோடு சேர்ந்த ஆர்வலர்கள் மறுபடி உயிர்ப்பித்தார்கள்: 1716, 1722. பழைய அழைப்புப் பெயரை வைத்து இவற்றை பெலிகன் 16, பெலிகன் 22 என்பார்கள்.

பெலிகன் 16ஐப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து 1994 ஜூலையில் இங்கிலாந்தில் நடக்கும் விமானக் காட்சிகளுக்கு அனுப்பினார்கள். பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும் பயணம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக, இடையிடையே இறங்கி, வடக்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளே 19 பேர். ஜூலை 13ஆம் தேதி இரவு, சஹாராவுக்கு மேலே, வலது இறக்கையில் இருந்த நான்காம் எஞ்சினில் குளிர்விக்கும் திரவம் ஒழுக, அதை நிறுத்தினார்கள். மூன்று எஞ்சினில் போய்விடலாம். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அதே இறக்கையின் மூன்றாம் எஞ்சினில், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பிராபெல்லர்களைப் பிணைக்கும் போல்ட் விட்டுப்போனது. சூடு ஏறியது. அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே பக்கத்தில் இரண்டு எஞ்சின் இல்லை. எரிபொருள் பாரம் வேறு. உயரம் குறைந்துகொண்டே வந்தது. இருட்டில், சக்கரத்தை இறக்காமல், மணலில் வயிற்றைத் தேய்த்து இறக்கினார்கள். பத்தொன்பது பேரும் நடந்து வெளியே வந்தார்கள். மேற்கு சஹாராவில், மொரிட்டானியா எல்லைப் பக்கம். மேற்கு சஹாராவின் விடுதலைக்குப் போராடும் பொலிசாரியோ அமைப்பின் போராளிகள் அவர்களை மீட்டுக் கூட்டிப்போனார்கள்.

விமானம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உழைத்தவர்களின் கையை நினைத்துக்கொண்டேன்.

பெலிகன் 22 கதை வேறு. அதுவும் 2000க்குப் பிறகு சில வருஷங்கள் வரை காட்சிகளில் பறந்தது. அப்புறம் அருங்காட்சியகமே அதைத் தரையில் நிறுத்தியது. விமானம் கெட்டுப்போகவில்லை. அதை ஓட்டவும் பராமரிக்கவும் தகுதி பெற்றவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், இருக்கும் ஒன்றையும் இழந்துவிடக் கூடாது. அதன் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியம். பூட்டி வைக்காமல், அவ்வப்போது எஞ்சின்களைத் தரையிலேயே ஓட்டிவந்தார்கள்.

மகள் கேப் டவுனில் படித்துக்கொண்டிருந்தபோது அவளைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு சனிக்கிழமை ஈஸ்டர்பிளாட் தளத்தில் அதைப் பார்த்தேன். மேஜை மலை பின்னால் நிற்க, சாம்பல் நிற உடம்போடு நின்றது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் அடியில் எண்ணெய் பிடிக்கத் தகரத் தட்டு. நரைத்த தலையோடு ஒருவர் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து ஓரமாக வைத்தார். பிராபெல்லர் இதழ்களைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். பின் வரிசை எதிர்த்திசையில் நகர்ந்ததும் கூட நின்ற ஒரு சின்னப் பையன் வாய் பிளந்தான். தீயணைப்பு உருளையோடு ஒருவர் இறக்கைக்கு அருகே நின்றார். முதல் எஞ்சின் இரண்டு முறை இருமியது, புகைபோக்கியிலிருந்து நீலப் புகை வந்தது, ஒரு நெருப்பு நாக்கு எட்டிப்பார்த்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. நான்கும் ஓட ஆரம்பித்தபோது சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்செலும்புக்குத் தெரிந்தது.

சூடு ஏறியதும் மேக்னெட்டோ சோதனை. ஒவ்வொரு எஞ்சினிலும் தீப்பொறிக்கு இரண்டு தனித்தனி ஏற்பாடு உண்டு. ஒன்றை அணைத்தால் சுற்று வேகம் கொஞ்சம் இறங்கும், மறுபடி போட்டால் ஏறும். அளவுக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கத்தில் ஏதோ பிளக்கோ ஒயரோ போயிருக்கிறது. காக்பிட்டில் அணைத்து அணைத்துப் போடும்போது, வெளியே நின்ற எங்களுக்குச் சத்தத்திலேயே அந்த இறக்கம் கேட்டது. பக்கத்தில் நின்ற தன்னார்வலர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "மூன்றாவது எஞ்சினில் ஒரு பிளக்கைப் பார்க்க வேண்டும்" என்றார். மீட்டரை அவர் பார்க்கவே இல்லை.

எதற்காக ஓட்டுகிறார்கள் என்றால், நிற்கும் எந்திரம் ஓடும் எந்திரத்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். ஓடும் எஞ்சினில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், ஈரம் ஆவியாகும். நின்றால் சிலிண்டர் சுவரில் துரு. ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும். ஹைட்ராலிக் குழாயில் படிவு சேரும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகிவிடும். அதற்காகவே விமானத்தை அவ்வப்போது கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்கள். எஞ்சினை ஓட்ட முடியாத குழுக்கள் ஸ்பார்க் பிளக் துளையில் சிலிக்கா ஜெல் நிரப்பிய பிளக்குகளை மாட்டுவார்கள். கண்ணாடி வழியாக உள்ளே தெரியும். நீலமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். வாரா வாரம் யாராவது போய் அந்த நிறத்தைப் பார்க்க வேண்டும். "மீட்பு" என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் உள்ள வேலையில் பாதி இந்த மாதிரி வேலைதான்.

இதனால்தான் "மறுபடி பறக்குமா?" என்பதைத் தவறான கேள்வி என்று நினைக்கிறேன். தரையில் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. பிரிட்டனிலும் இதைப் பார்க்கலாம். 1991இல் கவன்ட்ரிக்குப் பறந்து வந்த டபிள்யூஆர்963 ஷாக்கிள்டனைத் தன்னார்வ அறக்கட்டளை ஒன்று பல வருஷம் எஞ்சின் ஓட்டி வைத்திருந்தது. லண்டனின் கேட்விக் விமான நிலையம் அருகே சார்ல்வுட்டில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கும் ஷாக்கிள்டனும் எஞ்சின் ஓட்டிக் காட்டப்பட்டது. பறக்க வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பறப்பதற்கு ஸ்பாரின் களைப்புக் கணக்கு வேண்டும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற மாதிரி, ஸ்பாருக்கும் இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு ஆயுள் உண்டு. அதைப் புதுப்பிப்பது இறக்கையையே புதிதாகக் கட்டுவதற்குச் சமம். அதோடு, உருவாக்கிய நிறுவனங்கள் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஆவ்ரோவின் இன்னொரு பிள்ளையான வல்கன் குண்டுவீச்சு விமானம் எக்ஸ்எச்558, பொதுமக்களின் நன்கொடையில் 2007இல் மறுபடி பறந்தது, 2015இல் நின்றது. அந்தப் பொறுப்பைத் தொடர நிறுவனங்களால் முடியாமல் போனதுதான் காரணம். விமானமும் பணமும் ஆளும் இருந்தும் காகிதம் இல்லாமல் நின்றது.

காகிதத்தைவிடக் கொடுமையான இன்னொன்று இடம். விமானம் தன்னார்வலர்களுடையதாக இருக்கும், அது நிற்கும் மண் வேறொருவருடையதாக இருக்கும். இங்கிலாந்தில் பிரண்டிங்தார்ப் என்ற பழைய விமானத் தளத்தில் நிம்ராட் ரோந்து விமானம் உட்படப் பல ஜெட்களை ஓடுபாதையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2020இல் அந்த இடம் கார்களை நிறுத்தி வைக்கப் போனது, ஓட்டம் நின்றது. நான்கு எஞ்சின் விமானத்தை வீடு மாற்றுவதுபோல மாற்ற முடியாது. இறக்கையைக் கழற்றினால்தான் சாலையில் போகும். கழற்றுவதற்கென்று செய்யாத இடத்தில் வெட்டினால் பிறகு ஒட்டாது. ஒரு குழு விமானத்தை மீட்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றியல்ல. நிலம் யார் பேரில் இருக்கிறது, குத்தகை எத்தனை வருஷம் என்றுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு மனசு தளர வேண்டாம். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபேர்வியூ என்ற சின்ன ஊரின் விவசாயிகள் செய்ததையும் சொல்கிறேன். கேன்சோ என்பது கேட்டலினா நீர்விமானத்துக்குக் கனடாவில் வழங்கிய பெயர். போர்க் காலத்தில் ரோந்து போன கேன்சோ ஒன்று, பிற்காலத்தில் ஏரியில் தண்ணீர் அள்ளிக் காட்டுத்தீயை அணைக்கும் வேலையில் இருந்தது. 2001இல், வட துருவ வட்டத்துக்கு அப்பால் இனுவிக் அருகே சிட்டிட்ஜி ஏரியில் அடிபட்டு மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். விமானத்திலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டு உடலைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். 2008இல் அந்த விவசாயிகள் போய், உறைந்த ஏரியின் பனிமேல் அதை இழுத்து, லாரியில் ஏற்றித் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அறுவடை எந்திரம் பழுதானால் தாங்களே வெல்டிங் வைத்துச் சரிசெய்து பழகிய கைகள். ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 2017 ஜூன் 18ஆம் தேதி அது பறந்தது. நான் மேலே சொன்ன எல்லா எச்சரிக்கைக்கும் எதிராக நிற்கும் ஒரே ஒரு கதை இது என்றாலும் எனக்குப் போதும்.

கேட்டலினா என்றதும் நம் பக்கத்துக் கடலும் ஞாபகம் வருகிறது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடா விமானப்படையின் கேட்டலினா ஒன்று, லெனர்ட் பர்ச்சல் தலைமையில், பெரிய ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. உள்ளே இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கைதிகளாகப் பிழைத்தார்கள். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது ஊர் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ரோந்து விமானத்தின் வீரம் இப்படிப்பட்டது. அது பார்க்கும், சொல்லும். பார்த்துச் சொல்வதைப் படமெடுத்துக் கொண்டாட யாரும் வருவதில்லை. நன்கொடை கேட்டால் போர் விமானத்துக்குக் கிடைப்பதில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்காமல் போவது அதனால்தான் என்பது என் ஆதங்கம்.

இனி அரக்கோணம். அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்த டியூ-142 விமானங்கள் 1988 முதல் நம் கடற்படையில் வேலை பார்த்து, 2017 மார்ச் 29ஆம் தேதி அங்கேயே விடைபெற்றன. அவற்றின் இடத்துக்கு பி-8ஐ என்ற ஜெட் ரோந்து விமானம் வந்துவிட்டிருந்தது. டியூ-142இலும் ஷாக்கிள்டனைப்போல எதிரெதிராகச் சுற்றும் பிராபெல்லர்தான், நான்கும் நான்கும் எட்டு இதழ். அந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு அதன் உறுமல் காதிலேயே இருக்கும். அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்குப் பறக்க வைத்து, அங்கே பிரித்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டி, 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நான் போயிருக்கிறேன். உள்ளே நடந்து பார்க்க முடிகிறது, பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

தன்னார்வலர்கள் கையில் ஏன் வரவில்லை என்று கேட்டால், காரணம் பல. பிஸ்டன் எஞ்சினைப்போல அந்த ராட்சத டர்போபிராப்பை வார விடுமுறையில் பிரித்துப் பூட்ட முடியாது. ஸ்பேரும் கையேடும் ரஷ்யாவிலிருந்து வர வேண்டும். ஒரு முறை ஓட்டினாலே எரிபொருள் டன் கணக்கில் போகும். இதைவிடப் பெரிய காரணம், படைத் தளத்துக்குள் வெளியாட்கள் வந்து வேலை செய்யும் வழக்கமே நம்மிடம் இல்லை. மேலை நாடுகளில் இந்தக் குழுக்களில் பாதிப் பேர் அந்த விமானத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திருத்தணியிலும் காஞ்சிபுரத்திலும் சென்னைப் புறநகரிலும் பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறார்கள். எந்த பேனலுக்குப் பின்னால் எந்தக் குழாய் ஓடுகிறது என்று விளக்கில்லாமல் சொல்லக்கூடியவர்கள். அவர்களை வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டு, கையில் துணியும் டார்ச்சும் கொடுத்தால்கூடப் போதும். கடலோரத்தில் நிற்கும் விமானத்தில் உப்பு எங்கே உட்காரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பி, உங்களுக்கு இதில் இறங்க ஆசை இருந்தால் ஒன்று செய்யுங்கள். கோவாவில் டாபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கடற்படையின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நம் கடற்படை ஒரு காலத்தில் ரோந்துக்குப் பயன்படுத்திய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று அங்கே வெளியில் நிற்கிறது. மூன்று வால் துடுப்பு, மீன்போல் வளைந்த உடம்பு, நான்கு பிஸ்டன் எஞ்சின். போனால் எல்லோரையும்போல முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அனுமதிக்கும் தூரம்வரை அருகே போய், இறக்கை உடம்போடு சேரும் இடத்தின் அடிப்பக்கம் ரிவெட் வரிசையைப் பாருங்கள். பெயின்ட் எங்கே புடைத்திருக்கிறது, வடிகால் துளை எங்கே அடைத்திருக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்குப் பின்னால் ஒரு முறை. இரண்டு வருஷம் விடாமல் குறித்த பிறகு அந்த நோட்டை அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் காட்டுங்கள்.